போசியில் போன பந்து

இதைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுகிற ஆள் நான். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அன்புச்செல்வியைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் பொய்க்காரி இல்லை. பயந்தாங்கொள்ளி. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புச்செல்வியின் வீட்டுக்காரர் கதிர்வேல் நாமக்கல்லில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறார். வருகிற லாரியைப் பார்த்த மாத்திரத்திலேயே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்லிவிடுவார். வீட்டுச் சுவரை ஒட்டி அவர் பதினாறு தக்காளிச் செடி வளர்த்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கௌசிக்கும் யுவஸ்ரீயும் அடித்த பந்து சுவரைத் தாண்டி வந்து ஒரு செடியை முறித்துப் போட்டது.

"அன்பு! வெளிய வா! இங்கொரு கொலை நடந்திருக்குது!"

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆருங்க? எங்கீங்க?"

"கண்ணு தெரியலியா? காய் வெச்ச செடி!"

"ஒரு செடிதானுங்களே. கொளந்தைங்க பந்துங்க."

"பந்தா அது? குண்டு!"

முறிந்த தண்டுக்கு ஐஸ் குச்சி வைத்துத் துணி சுற்றி மாவுக்கட்டுப் போடாத குறையாகக் கட்டினார். பிறகு செடியைப் பார்த்துப் பேசுவதுபோல, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"இனி ஒரே ஒரு பந்து இந்தப் பக்கம் விழட்டும். செவுத்த நாலடி ஒசத்திப் போடறேன். அந்த ஊட்டுப் பச்சத்தண்ணி கூட இனி என்ற நாக்குல படாது!"

வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் அன்புச்செல்வி நினைத்தாள். மறுநாள் வாசலில் ஒரு லோடு ஹாலோ பிளாக் கல் வந்து இறங்கியது.

அன்று முதல் அந்தக் கல்லைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். ஒரே மகள் தனப்பிரியா கல்யாணமாகி ஜேடர்பாளையம் போய்விட்டாள். பகலெல்லாம் அன்புச்செல்விக்குப் பேச்சுத்துணை சமையலறை ஜன்னல்தான். ஜன்னலுக்கு நேராக அந்தக் குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கௌசிக்கின் அம்மா மோகனப்பிரியா. அவள் துணி துவைப்பாள், இவள் வெங்காயம் உரிப்பாள், இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். நாலடி கல் ஏறிவிட்டால் வெளிச்சமும் போச்சு, பேச்சும் போச்சு.

திங்கட்கிழமை நாலரை மணிக்குப் பந்து விழுந்தது. நல்லவேளை, கதிர்வேல் வேலையில் இருந்தார். தூக்கிப் போடலாமென்றால் எதிர் வீட்டுச் சின்னண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் பட்டது ஆறு மணிக்குள் எடை மேடைக்குப் போய்விடும். அன்புச்செல்வி யோசித்தாள். மூடியுள்ள ஒரு போசிப் பாத்திரத்தை எடுத்தாள். பந்தை உள்ளே போட்டாள். யாராவது திறந்து பார்த்தால் என்ன செய்வது என்று மேலே நாலு முறுக்கை அடுக்கி மூடினாள்.

"மோகனா, சின்னதா பலகாரம். புள்ளைங்களுக்குக் குடு."

"போசி கனமா இருக்குதுங்களேக்கா?"

"முறுக்கு கொஞ்சம் கெட்டியா போயிருச்சு."

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? மறுநாள் மோகனப்பிரியா தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். அதைக் கீழே கொட்ட அன்புச்செல்விக்குப் பயம், பாவம் சேருமென்று. கதிர்வேலின் தட்டில் ஊற்றினாள்.

"ஏம்புள்ள, இத்தன வருசமா இந்தக் கொழம்ப எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

வாரம் ரெண்டு பந்து விழுந்தது. ரெண்டு போசி போனது, ரெண்டு போசி வந்தது. மோகனப்பிரியா ஆட்டுக்குப் பேர்போன மேச்சேரியில் பிறந்தவள். அவள் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தால் தெருவே சோற்றுத் தட்டைத் தேடும். கதிர்வேல் சட்டியை வழித்துத் தின்றார். தினமும் கை கழுவியதும் கேட்பார்.

"பந்து விழுந்துச்சா?"

"இல்லீங்க."

"பாத்தியா? என்ற ஒரு சொல்லுக்கு அந்தச் சந்திரசேகர் ஊடே நடுங்குது!"

சந்திரசேகர், மோகனப்பிரியாவின் வீட்டுக்காரன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவிர வீட்டில் ஆளே இருக்க மாட்டான். நடுங்குவதற்கு அவனுக்கு ஏது நேரம்?

பிறகுதான் அரையாண்டுப் பரீட்சை வந்தது. பிள்ளைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பந்து விழவில்லை. பந்து இல்லாமல் போசி கொடுத்துவிட்டால், குழம்பு கேட்டுப் போனது போல ஆகிவிடுமே? அன்புச்செல்வி தன் கையாலேயே சமைத்தாள்.

"ஏம்புள்ள, பக்குவம் எங்க போச்சு?" என்றார் கதிர்வேல் முதல் நாள். மூன்றாம் நாள் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ எதையோ எங்கிட்ட மறைக்கற."

அவள் நேராகச் சாலம்மாள் கடைக்குப் போனாள். "ஒரு டென்னிஸ் பந்து குடுங்க" என்றாள்.

"ஆருக்குங்க? பேரன் பொறந்தாச்சா?"

"ஊட்டுல ஒண்ணு கெடந்தா ஆகுமுங்க."

புத்தம் புதிய பந்து முறுக்கோடு போனது. மோகனப்பிரியா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாரம் பூராவும் பிள்ளைகள் மட்டையைத் தொடவே இல்லை. பிறகு அன்புச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்களுதுதானுங்கக்கா" என்றாள். அடுத்த நாள் பச்சைப்பயறு கடைசல் வந்தது.

இப்படி ஐந்து பந்து போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சத்தம். சந்திரசேகர் நின்றிருந்தான். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் போசி. கதிர்வேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அன்புச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்டுப் பந்து எங்க ஊட்டுல விழுகுதுங்க."

"எங்க ஊட்டுப் பந்தா?"

சந்திரசேகர் பையைக் கவிழ்த்தான். ஐந்து புதுப் பந்துகள் உருண்டன. "எங்களுது இல்லீங்க. அன்புப் பெரியம்மா ஊட்டுல இருந்து வந்ததுன்னு கௌசிக் சொல்றான். அடுத்தவங்க பொருள வெச்சுக்கறது நல்லாருக்காதுங்களே."

"எங்க ஊட்டுல ஆருய்யா பந்து வெளையாடறது?"

ரெண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அவருதானுங்க தம்பி. சக்கரை கூடிப்போச்சு. டாக்டரு கையக் கால ஆட்டச் சொன்னாரு. நடக்கறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு, ஆரும் பாக்காதப்ப பந்து வெளையாடறாரு. கை வேகத்துக்குச் செவுரு பத்தறதில்லீங்க."

கதிர்வேல் வாயைத் திறந்தார். அதே நேரம் சந்திரசேகர் போசியைத் திறந்தான்.

"மோகனா அவங்கம்மா ஊட்டுக்குப் போகுறப்ப உங்களுக்குன்னு வெச்சிட்டுப் போனாளுங்க. ஒவ்வொரு தடவையும் சட்டிய வழிச்சுச் சாப்படறீங்களாமே? அக்கா சொன்னாங்களாம்."

கறிக்குழம்பு மணம் அவர் மூக்கில் ஏறியது. ஒரு மாதமாக ஏறிய அதே மணம். பந்து தனதில்லை என்றால், பச்சைத்தண்ணிகூட வேண்டாம் என்ற நாக்கு அந்த வீட்டுக் குழம்பை வழித்துத் தின்றதை ஒத்துக்கொள்ள வேண்டும், இனி அந்தக் குழம்பும் வராது. எடை மேடைக்காரர் ரெண்டையும் எடை போட்டுப் பார்த்தார்.

"ஆமாங்க தம்பி," என்றார் மெதுவாக. "நாந்தான்."

"அதனால என்னங்கண்ணா! என்ன, மோகனா கொத்தமல்லி வெதச்சிருக்கா. செவுத்த வேணா நாலடி ஒசத்திரலாமுங்களா? உங்க வாசல்லயே கல்லு கெடக்குது."

"செவுரெல்லாம் எதுக்குங்க!" என்று பதறினார் கதிர்வேல். "பந்துன்னா நாலு பக்கமும் விழத்தான் செய்யும். அக்கம்பக்கம்னா அனுசரிச்சுத்தான் போகோணும்."

சந்திரசேகர் போனதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்குச் சக்கரையா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"பயந்துட்டனுங்க."

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் யுவஸ்ரீ கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பெரியப்பா! பரீட்சை முடிஞ்சுபோச்சு! ஒரு ஆளு கொறையுது, உங்களக் கூட்டியாறோணும்னு நேத்தே சொன்னாரு அப்பா. தெனமும் வரோணுமாம்!"

முடியாது என்று சொல்லத்தான் கதிர்வேல் எழுந்து வந்தார். வாசலில் அவருடைய பழைய கேன்வாஸ் ஷூ துவைத்து, காயவைத்து, கயிறு கோத்துத் தயாராக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அன்புச்செல்வி காலையிலேயே எடுத்து வைத்துவிட்டாள்.