குடவாசல் பைலட்டும் ஒரு மூட்டை அரிசியும்

உலகத்தில் எந்த மலையில் எந்தச் சின்ன விமானம் மோதினாலும், விசாரணைக் கமிஷனுக்கு முன்பாகவே காரணத்தை அறிவித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் குடவாசலில் இருந்தார். பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். விமானத்தில் ஏறியதே இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் தென்னையும்தான். மலை பார்க்க வேண்டுமென்றால் சுவாமிமலைக்குப் போக வேண்டும், அதுவும் மனிதர்கள் கட்டி எழுப்பியது. இருந்தாலும் அவர் பெயர் பைலட். சொந்தப் பெயர் கடை போர்டில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

நான் அவர் கடை மாடியில் குடியிருந்த பள்ளி ஆசிரியன். படியிறங்கினால் எனக்கே பாடம் ஆரம்பமாகிவிடும்.

"மதகுல தண்ணி விழுந்து சுழிக்குது பாத்திருக்கீங்களா சார்? மலைக்குப் பின்னாடி காத்தும் அப்படித்தான். சின்ன ப்ளேன் அதுல மாட்டினா வெறும் சருகுதான்."

"திரும்பி வந்துட வேண்டியதுதானே?"

"எங்க திரும்புறது? பள்ளத்தாக்கு நம்ம கடைத்தெரு மாதிரி. அறுவடை மெஷின் உள்ள நுழைஞ்சா திருப்ப முடியுமா? அதுக்காவது ரிவர்ஸ் கியர் இருக்கு."

உயரம் போகப்போக எஞ்சினுக்கு மூச்சு முட்டும், மேகத்துக்குள் பாறை ஒளிந்திருக்கும், எடை கூடினால் ஆபத்து என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். வாஷர் வாங்க வந்த விவசாயி, "அண்ணே, நாத்து காயுதுண்ணே" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவரின் மனைவி கமலாக்கா ஒருநாள், முக்திநாத் யாத்திரைக்குப் பேர் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். நேபாளத்தில் போக்ராவிலிருந்து மலைகளுக்கு நடுவே சின்ன விமானத்தில் போவதாக ஏற்பாடு. பைலட் இரண்டு நாள் பேசவில்லை. டீக்கடையில் பைலட்டுக்கு முன்கூட்டியே இரங்கல் கூட்டம் நடத்திப் பார்த்தார்கள். நான் உட்பட நான்கு பேர் பேசினோம். நன்றாகவே பேசினோம்.

"நீங்க வராட்டி பரவால்ல, நான் போயிட்டு வரேன்" என்றார் கமலாக்கா. மறுநாள் பைலட்டும் பேர் கொடுத்தார்.

நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் குழுவில் வார்டு மெம்பர் ஒருவரும் இருந்தார். நேபாள அரிசி தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊரிலிருந்தே ஒரு மூட்டை பொன்னி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயிலில் அதற்கும் ஒரு பெர்த் கேட்டுச் சண்டை போட்டவர்.

போக்ராவில் எங்களையும் பைகளையும் ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். விமானம் பெரிய வேன் அளவுதான் இருந்தது. விமானி ஒரு இளம்பெண். கணக்குப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். எடை அதிகம். அந்த மூட்டை நிற்க வேண்டும், அல்லது ஒரு ஆள் நிற்க வேண்டும்.

"நான் யாருன்னு சொல்லுங்க அந்தம்மாகிட்ட" என்றார் மெம்பர்.

சொன்னோம். குடவாசலின் அரசியல் நிலவரம் அந்தப் பெண்ணை அசைக்கவில்லை.

"அரிசிய இறக்கிடுங்க" என்றார் பைலட்.

"அன்னத்தையா? சாமிக்குப் போற வழியிலயா?"

எல்லோரும் மெம்பர் பக்கம் சேர்ந்துவிட்டோம். மேலே போனதும் ரசம் சாதம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் கிளம்பியே வந்திருந்தோம். ஒரு மனிதனா, ஒரு மூட்டை பொன்னியா என்று டெல்டாக்காரர்களிடம் கேட்டால் வேறென்ன நடக்கும்?

பைலட் எங்களை ஒருமுறை பார்த்தார். "அப்ப நான் நின்னுக்கறேன். ஜீப்புல வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, சாக்கு கிடைச்சதும் நழுவிட்டாரு!" என்று மெம்பர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கமலாக்கா சிரிக்கவில்லை. பைலட் அவர் அருகில் போய், "பெல்ட்ட நல்லா இறுக்கிப் போட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

விமானம் ஏறியதும் நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம். இரண்டு பக்கமும் ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை. ஒரு குலுக்கலில் மெம்பர் குலதெய்வத்தையும் கட்சித் தலைவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

மறுநாள் மாலை பைலட் வந்து சேர்ந்தார். தலைமுடி முதல் செருப்பு வரை ஒரே புழுதி. நெற்றியில் பிளாஸ்திரி. ஜீப் கூரையில் இடித்துக்கொண்டாராம். வழியில் பாறை உருண்டு பாதி ரோடு போய்விட்டிருந்ததாம். ப்ளேனே தேவலை என்று தோன்றியதாம்.

தனியாக இருக்கும்போது கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. பயந்துதானே ஏறல?"

"பயம்தான் சார். அந்த ப்ளேன்ல அவ போறாளேன்னு பயம். நான் ஏறாட்டி என் வெயிட்டாவது குறையுமில்ல?"

"அக்காவையும் ஜீப்புல வரச் சொல்லியிருக்கலாமே?"

"ப்ளேன்ல மலையப் பாக்கணும்னு வருஷக்கணக்கா ஆசைப்பட்டவ. நான் எப்படி சார் இறங்குன்னு சொல்லுவேன்?"

முந்தின நாளிலிருந்து நாங்கள் சாப்பிட்ட பொன்னிச் சோற்றைக் கமலாக்கா ஒரு வாய்கூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது மூட்டை காலி. பைலட்டுக்கும் இடம் கிடைத்தது. பாதி வழியில் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மெம்பர் உட்பட எல்லோரும் கத்தினோம். பைலட் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. தோளில் சாய்ந்திருந்த கமலாக்காவைக் கண்ணால் காட்டி, எங்களிடம் மெதுவாகச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்குறா."