ஜிம்பரால் வருகிறது, உஷார்!

அன்பு மச்சானுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசுகிற சமாச்சாரமில்லை என்பதால் கடை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைகள் போதையில் விழாமல் தடுக்க என்ன வழி என்று என் மகள் மூன்று வருஷமாக ஆராய்ச்சி பண்ணுகிறாளே, அதற்கான கேள்வித்தாள் திங்கட்கிழமை உங்கள் பள்ளிக்கூடம் உட்பட நாற்பது பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. ஒரு பிரதியை மூடித்தான் வைத்திருந்தாள், நான் திறந்து படித்தேன். சிகரெட், சாராயம், கஞ்சா எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஏழாவது கேள்வியில் ‘ஜிம்பரால் பயன்படுத்தியது உண்டா?’ என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷமாகப் பக்கெட் விற்கிறேன், இந்தக் கடைத்தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு சரக்கா? வாங்குகிறவன் மாதிரியே கிளம்பினேன். பை கடைக்காரரிடம் காதோடு கேட்டால், “நேத்தே தீர்ந்துபோச்சுண்ணே, வியாழக்கிழமை வாங்க” என்கிறார். பழக்கடைக்காரர், “பச்சையா மஞ்சளா? மஞ்சள்தான் நல்லாத் தூக்கும்” என்கிறார். முடிவெட்டுகிறவரோ கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டே, “நாக்குக்கு அடியில வைக்கிறதுண்ணே, எங்க சொந்தத்துல ஒருத்தன் அதுலதான் கெட்டான்” என்று கண்கலங்கிவிட்டார். மூன்று பேர் சொன்னால் சரக்கு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். சும்மா இருக்க முடியுமா? வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து போட்டு உடைத்தேன். சாயங்காலத்துக்குள் தெருவில் பேனரே ஏறிவிட்டது! தலைமையாசிரியர் என்ற முறையில் நீங்களும் திங்கட்கிழமை காலையில், கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னாலேயே, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இந்தப் பெயரைச் சொல்லி எச்சரித்துவிடுங்கள். நம் பெண்ணின் மூன்று வருஷ உழைப்பு, மறந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் சர்க்கரைக்கு நடைப்பயிற்சி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: ஐயோ மச்சான், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மகள் பேனரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்து நிற்கிறாள். “அப்பா, அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது. நானே உக்காந்து யோசிச்ச பேரு. அதைத் தின்னிருக்கேன்னு டிக் அடிக்கிற பசங்க மத்ததுலயும் அளந்துவிடுறாங்கன்னு பிடிக்கத்தான் வெச்சேன். அதை ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டீங்களே!” நான் என்ன செய்வேன், கடைத்தெருவில் எவனும் தெரியாது என்று சொல்லி ஆளை அனுப்பமாட்டான், நானே அனுப்பியதில்லை. பேனரைப் பார்த்து நீங்களாகவே எச்சரித்துவிடப் போகிறீர்களே என்றுதான் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்குள் வேறு பெயர் வைத்து அத்தனை தாளையும் மறுபடி அச்சடிக்க வேண்டும். உள்ளறையில் உட்கார்ந்து யோசிக்கிறாள். “எனக்கு மட்டும் சொல்லும்மா, வாயே திறக்கமாட்டேன்” என்று கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.