மூன்றாவது மென்பொருள் தரும் தொல்லைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இவ்விடம் நான் ஒருத்தி நலம். அவ்விடம் நீங்கள் நால்வரும் நலமா என்பது நீ போன் செய்தால்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளை மறுபடி மாற்றிவிட்டேன். இந்த வருஷத்தில் இது மூன்றாவது. ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் உனக்குக் கோபம் வரும். போன தடவையே, "இருக்கிறதுல என்ன குறை? ஏன்க்கா சும்மா சும்மா மாத்துறே?"ன்னு கேட்டே. பழசுல பண்ணின பாட்டை இது திறக்கவே மாட்டேங்குது. சரின்னு குரல், கீபோர்டு, தாளம்னு தனித்தனி ஃபைலா எடுத்து இதுல போட்டேன். எல்லாத்தையும் பாட்டோட ஆரம்பத்துலேர்ந்து எடுக்கணுமாம். நான் அதது சத்தம் தொடங்கின இடத்துலேர்ந்து எடுத்துத் தொலைச்சிருக்கேன். பஸ்ஸைப் பார்த்த கூட்டமாட்டம் மூணும் ஒண்ணா முண்டியடிக்குது. அப்புறம் பழைய பழக்கத்துல பதிவுக்குன்னு அதே பொத்தானைத் தட்டிட்டு, வெளிச்சத்தம் விழாம இருக்கத் துணி அலமாரிக்குள்ள மைக்கோட நின்னு சரணத்தை ஒன்பது தடவை பாடினேன். ஒண்ணுகூடப் பதிவாகலை, இதுல அந்தப் பொத்தானுக்கு வேற வேலையாம். கீழ்வீட்டு டைலர் மேல வந்து, யாரோட சண்டைன்னு விசாரிச்சாரு. சண்டை போட இங்க யாரு இருக்கான்னு அனுப்பி வச்சேன். குரலுக்குப் போட்டிருந்த எதிரொலியும் இதுக்கு வரலை. வெறும் குரலைக் கேட்டா ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு. எனக்கே என்னைப் பாவமா இருந்துச்சு.

முதல் மென்பொருள் வந்தப்போ தினம் சாயங்காலம் போன்ல சொல்லிக்கொடுத்தே. நடுநடுவுல உன் பொண்ணு பரீட்சை, உன் முதுகுவலின்னு எல்லாம் பேசுவோம். இப்ப மூணு வாரமா உன் குரலே இல்லை. வீடு ரொம்ப அமைதியா இருக்குடா. ரெக்கார்டிங்குக்கு நல்லதுதான், எனக்குத்தான் ஆகலை.

நீ வந்து இந்தச் சந்தேகங்களைத் தீர்க்கிற வரைக்கும் பாட்டு அப்படியே கிடக்கும். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீ தீர்க்காயுசா இரு. உன் காதுக்கு ஒரு குறையும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: பாட்டு போன வாரமே முடிஞ்சு போச்சு. மேலே சொன்ன அத்தனையையும் நானே சரி பண்ணிட்டேன். முதல் ரெண்டு மென்பொருளும் எனக்கு அத்துப்படி. நான் கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சதும் நீ போனை நிறுத்திடுறே, அதான் மாத்துறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணும் தெரியாதவளாட்டம் கேட்டுக்கறேன்.