தேக்காவில் ஒளிந்த கேமரன் அண்ணன்

சிங்கப்பூரை விட்டுக் கிளம்புவதற்குக் கேமரன் அண்ணனைப் போல ஆசைப்பட்டவரும் கிடையாது, திரும்பி வருவதற்கு அவரைப் போல அவசரப்பட்டவரும் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக்கூடிய அந்த மனிதர் புக்கிட் பாஞ்சாங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில், எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார் என்பது எங்கள் பெருமை. எங்கள் தொல்லையும் அதுதான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், சம்பளம் வாங்கவாவது தேவைப்பட்டிருக்கும். எங்களுக்கு அவர் கேமரன் அண்ணன். டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் புளோக் மக்களைத் திரட்டி, பேருந்து பேசி, மலேசியாவின் கேமரன் மலைக்கு அழைத்துப்போவது அவர் பொறுப்பு. யாரும் அவரிடம் ஒப்படைத்த பொறுப்பு இல்லை. "நமக்கும் ஒரு வின்டர் வேணாமா லா?" என்று ஒருநாள் அவரே கேட்டார், அவரே எடுத்துக்கொண்டார்.

குளிருக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நவம்பர் பிறந்தால் போதும், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பேரங்காடிக்குப் போய், உறைந்த இறால் வைத்திருக்கும் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுவிடுவார். ஒருமுறை காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். "நத்திங் லா, டிரெய்னிங்," என்றாராம் அண்ணன். 

இவ்வளவு பயிற்சி எடுத்தும், மலையேறிய மறுநாள் காலையிலேயே அவருக்கு ஊர் ஏக்கம் வந்துவிடும். முதல் நாள் தேயிலைத் தோட்டத்தின் முன்னால் நின்று "சொர்க்கம்மா இது!" என்று கைகளை விரித்தவர், இரண்டாம் நாள் அதே இடத்தில் தேநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

"தேயில இங்கதான் விளையுது, ஒத்துக்கறேன். ஆனா டீன்னா நம்ம சிங்கப்பூர் தேக்காவுலதான்."

அதற்குப் பிறகு, பயணத்துக்கு வராமல் புளோக்கிலேயே தங்கிவிட்ட யாரையாவது தொலைபேசியில் பிடித்து விசாரணை நடத்துவார். "அங்க மழையா? லிஃப்ட் ஓடுதா? மூணாவது மாடிப் பூன சாப்பிட்டுச்சா?" எதிர்முனையில் இருப்பவர் பதில் சொல்லச் சொல்ல இவருக்குக் கண் கலங்கும்.

திரும்பும் பயணம்தான் எங்களுக்குத் திருவிழா. பேருந்து ஜொகூரைத் தாண்டிக் கடல்பாலத்தில் ஏறியதும் அண்ணன் எழுந்து நின்று எல்லோரையும் கைதட்டச் சொல்வார். விடுமுறை நெரிசலில் பேருந்து நகராது. நாங்களும் கைதட்டுவதை நிறுத்த முடியாது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் கூப்பிடு தூரம்தான், ஆனால் பேருந்து அங்கே நிற்காது. ஊருக்குள் போய், சிராங்கூன் சாலையில் எங்களை இறக்கி, தேக்காச் சந்தையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை ஆளுக்கொன்று குடிக்கவைத்து, அப்புறம்தான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பும்.

"அண்ணே, வீடு பக்கத்துலதானே இருந்துச்சு? முதுகு விட்டுப்போச்சு," என்று ஒருமுறை கெஞ்சினேன்.

"வீட்டுக்குப் போறது வேற, ஊருக்கு வர்றது வேற. நீ மொதல்ல ஊருக்கு வாம்மா," என்று சொல்லி, இன்னொரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

இவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். அம்மா காலமான பிறகு அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று, தன்னோடு வந்து இருந்துவிடும்படி வருடக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு அண்ணன் திடீரென்று சரி என்றுவிட்டார். "வருஷத்துல பாதி பனியாம்மா! எனக்குன்னே செஞ்ச நாடு!" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் பிரிவுபசார விருந்து நடந்தது. ஏற்பாடு, என் எதிர்வீட்டுச் சலீமா அக்கா. எங்கள் புளோக்கில் கல்யாணமானாலும் குழாய்க் கசிவானாலும் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அன்று அவர் கையால் பிரியாணி. எல்லோரும் சேர்ந்து வாங்கிய பரிசு, முழங்கால்வரை தொங்கும் பஞ்சு அடைத்த ஜாக்கெட். அதைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கொளுத்தும் மத்தியானத்தில் அண்ணன் அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வியர்வையில் குளித்தபடி ஒலிவாங்கியைப் பிடித்தார். பேச்சு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நாலு பேர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"இனிமே இந்த மண்ணுல உங்களப் பாக்க மாட்டேன்! அடுத்த ஜென்மத்துல பாப்போம்!"

சலீமா அக்கா முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். நானும் தாங்கமாட்டாமல் அழுதேன். கார்களில் கும்பலாக விமான நிலையத்துக்குப் போய் ஏற்றிவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் அழுதோம்.

அடுத்த ஜென்மம் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்கத் தேக்காவுக்குப் போயிருந்தேன். பூமாலைக் கடை முன்னால் வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமொன்று நின்றது. வழிகாட்டி இளைஞர் ஆங்கிலத்தில் ஏதேதோ விளக்கிவிட்டு, நல்ல தே தாரிக் வேண்டுமானால் வேறொரு பேட்டைக்குத்தான் போக வேண்டும் என்றார். சொன்னதுதான் தாமதம், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் சீறியது.

"ஹூ டோல்ட் யூ? ஹியர் ஒன்லி லா!"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா.

"அண்ணே!"

"சாரி. டூரிஸ்ட்."

"கேமரன் அண்ணே, நான்தான்!"

"நோ தமிழ்," என்றார், நல்ல தமிழ் உச்சரிப்பில்.

கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு கடையில் உட்காரவைத்தேன். தே தாரிக் மேசைக்கு வந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பண்ணே வந்தீங்க?"

"மெதுவாப் பேசும்மா. ஒரு வாரம் ஆச்சு."

"வீடு பூட்டியே கெடக்கே? எங்க தங்கியிருக்கீங்க?"

"ஜாலான் புசார்ல ஒரு சின்ன ஹோட்டல். ஜன்னல் இல்லாத ரூம். அதுவும் நல்லதாப் போச்சு, ஜன்னல் இருந்தா யாராச்சும் பாத்துடுவாங்க."

சொந்த வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சொந்த ஊரில் ஹோட்டலில் தங்கியிருக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். வரவேற்பில் இருந்த பெண் "சிங்கப்பூருக்கு முதல் தடவையா?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைத்துவிட்டார். அவள் வரைபடத்தை விரித்து ஊரை விளக்கு விளக்கென்று விளக்கியிருக்கிறாள். எதுவும் தெரியாதவர்போலத் தலையாட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டதாம்.

"ஏண்ணே, மகளோட சண்டையா?"

"சேச்சே! தங்கமான புள்ள. மருமகன் எனக்காகத் தெனம் ரசம் வச்சாரு. ஒரு கொற சொல்ல முடியாது." கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்குக் குளிர் புடிக்கும்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். புடிச்சது குளிர் இல்லம்மா, அதுலேருந்து திரும்பி வர்றதுதான். கேமரன்ல மூணாம் நாள் காலையில பஸ் வந்து நிக்கும். அங்கயும் நான் மூணாம் நாள் காலையில பெட்டியக் கட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். எந்த பஸ்ஸும் வரல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்புறம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கடைசியில மகதான் டிக்கெட் போட்டா. 'வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போங்கப்பா, அது போதும்'னா."

"அப்புறம் என்ன? வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? பிரியாணி தின்னேன், ஜாக்கெட் வாங்குனேன், அடுத்த ஜென்மம்னு மைக்குல வேற சொன்னேன். சின்னப் புள்ளலேருந்து எல்லாரும் சிரிப்பாங்க. முக்கியமா சலீமாவுக்குத் தெரியவே கூடாது. அது அழுத அழுகைக்கு நான் செத்தாவது போயிருக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தே தாரிக்கை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மிச்சமிருக்கும் காலத்தை அவர் கழிக்க வேண்டியது எங்களோடுதான். மரியாதையோடு நுழைய ஒரு வழி தெரியாமல் அவர் தவித்தது எனக்குப் புரிந்தது. அந்த வாரக் கடைசியில் சலீமா அக்கா தலைமையில் நாங்கள் கேமரன் போகிறோம் என்று சொன்னதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் முன்னாடியே போயிடறேன். கனடாலேருந்து நேரா அங்க வந்த மாதிரி நிக்கறேன். இந்த மண்ணுல பாக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? அது மலேசியா மண்ணு. அப்புறம் திரும்பறப்ப, பஸ்ல ஒரு சீட்டு காலியா இருந்தா..."

காலியாகத்தான் இருக்கும் என்றேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை பேருந்தில் ஏறியதிலிருந்து, ரகசியம் வாய்தவறி வந்துவிடாமல் இருக்க நான் ஒன்றன்பின் ஒன்றாக மிட்டாய் போட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், பேருந்தில் ஒருவரும் கலகலப்பாக இல்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தார்கள். அண்ணன் இல்லாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சலீமா அக்கா மட்டும், பக்கத்து இருக்கையில் யாரோ உட்காரப் போனபோது "பை இருக்குல்ல, கண்ணு தெரியலயா?" என்று எரிந்து விழுந்தார்.

கேமரன் மலைமேல், தானா ராத்தாவில் நாங்கள் தங்கும் விடுதி வாசலில், சாரல் மழையில், பெட்டியும் கையுமாகக் கேமரன் அண்ணன் நின்றார். பஞ்சு ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். முகத்தில் வழிந்தது மழையா வியர்வையா என்று சொல்ல முடியவில்லை.

"அடடே! நீங்களா? நான் கனடாலேருந்து நேரா..." என்று உரக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் பேருந்து ஜன்னல்களில் முகத்தைப் பதித்துப் பார்த்தார்கள். அவர் குரல் இறங்கியது. சலீமா அக்கா படியிறங்கிப் போய் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்ல ஜாக்கெட்டக் கழட்டுங்கண்ணே, மயக்கம் போட்டு விழுந்துடப் போறீங்க."

"சலீமா, அது வந்து..."

"ரெண்டு வாரமாத் தேக்காவுல சுத்திக்கிட்டிருக்கீங்க. ஞாயித்துக்கெழம நம்ம புளோக்கே அங்கதான் நிக்கும். ஒளியறதுக்கு வேற எடமே கெடைக்கலயா? கேலாங் பக்கம் போயிருக்கலாம்ல?"

"அங்க டீ எப்படியிருக்குமோன்னு..." என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

பேருந்தே சிரிப்பில் வெடித்தது. "எனக்கும் தெரியும்!" "என்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பேருந்தில் பாதிப் பேர் தேக்காவில் அவரிடம் சத்தியம் செய்து கொடுத்தவர்கள். மீதிப் பேர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

"அக்கா, உங்ககிட்டயுமா சத்தியம் வாங்கினாரு?" என்றேன்.

"இல்லம்மா. காய்கறிக் கடையில அவர நான் பாத்துட்டேன், அவரு என்னப் பாக்கல. பாத்தா பாவம், வெக்கப்படுவாரேன்னு முருங்கக்கா கூடைக்குப் பின்னாடி குந்திக்கிட்டேன். அவரு நகர்ற வழியாத் தெரியல. எந்திரிக்கறதுக்குள்ள எம் முட்டியே போயிடுச்சு."

அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். கண்கள் நிறைந்திருந்தன.

"எல்லாரும் சிரிப்பீங்களே, சலீமா."

"சிரிக்கத்தான் செய்வோம். வருஷம் பூரா சிரிப்போம். அதுக்காக வீட்டுக்கு வராம இருந்துடுவீங்களா? எம் பக்கத்து சீட்ட யாருக்குன்னு நெனச்சீங்க?"

சொன்னபடியே சிரித்தோம். மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் எழுந்து "நோ தமிழ்!" என்று கத்தினார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறது. ஜூனில் ஒரு மாதம் மகளிடம் போய்விட்டு வந்தார். திரும்பி வரும் தேதியை எங்கள் எல்லோர் வீட்டு நாட்காட்டியிலும் அவர் கையாலேயே வட்டம் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஒன்றை மட்டும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அவர் ஒரேயடியாகப் போய்விட்டார் என்று நம்பியிருந்த நாட்களில், பூட்டிய அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தேன். சலீமா அக்கா அவர் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் உள்ளே போய்விடுவார். தெரிந்தால் மனிதர் தலைகால் புரியாமல் ஆடுவார் என்றுதான் மறைத்தோம். நான் எழுதும் இந்த இதழ் கைக்கு வந்ததும் அவர் முதலில் புரட்டுவது என் பக்கத்தைத்தான். படித்துக்கொள்ளுங்கள், அண்ணே. நீங்கள் திரும்பி வந்ததில் உங்களைவிட எங்களுக்குத்தான் சந்தோஷம்.