அடுத்தவருக்கு இடம் விட்ட கெட்டிமேளம்

வில்லியனூர்,
வைகாசி, 1976.

பிரான்சில் சௌகரியமாக இருக்கும் அன்பு மச்சான் ஏகநாதனுக்கு உன் அக்கா புருஷன் தெய்வசிகாமணி எழுதிக்கொள்வது. இங்கே மழை இல்லை, மற்றபடி உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் கிளாரினெட்டும் நல்லபடியாக இருக்க கோகிலாம்பிகையை வேண்டிக்கொள்கிறேன். கிளாரினெட்டுக்காக வேண்டியதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வருஷம் லீவில் வந்தவன் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு சும்மா போயிருக்கலாம். என் அரிசி குடோனைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கி, நாதஸ்வரம் ராசுவையும் தவுல் பக்கிரியையும் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிற அக்பர் அலி பாயையும் மூட்டை மேல் உட்கார வைத்தாய். அதுவரை அவர்கள் எவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்! இரண்டு ஊர்வலம் எதிரெதிரே வந்தால் பாயை அமுக்க ராசு ஊதுவான், ராசுவை அமுக்க பாய் ஊதுவார், இரண்டு பேரையும் அமுக்க பக்கிரி அடிப்பான், நடுவில் மாப்பிள்ளைக்குக் காது போகும். ஒருத்தர் டீ குடிக்கிற கடையில் இன்னொருத்தர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நீதான் ராகம் வேண்டாம், தாளம் வேண்டாம், தலைவனும் வேண்டாம், தோன்றியதை வாசியுங்கள், ஆனால் முதலில் அடுத்தவனைக் கேளுங்கள், அவனுக்கு இடம் விடுங்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். இப்போது மூன்று பேருக்கும் ஒரே டீக்கடை, சனிக்கிழமையானால் என் குடோன். ஒருத்தரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் வருகிறார்கள். நம் பொண்ணு சுலோசனா கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

முகூர்த்த நேரம். திருபுவனை மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாச்சு. ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். ஒரு சத்தமும் இல்லை. ராசு பக்கிரியைப் பார்க்கிறான், பக்கிரி பாயைப் பார்க்கிறான், பாய் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். "இன்னாடா பண்றீங்க?"ன்னு கத்தினேன். "இருங்க மொதலாளி, அவரு ஆரம்பிக்கட்டும்னு வுட்டுக் குடுக்கறோம்" என்கிறான் பக்கிரி. அந்த அமைதியில மாப்பிள்ளையைப் பெத்த காசம்மாள் தும்முனாங்க பாரு! இந்த மாதிரி சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதானே கெட்டிமேளமே கொட்டுறோம்? மாப்பிள்ளை கை அப்படியே நின்னுபோச்சு. சம்பந்தி துண்டை உதறிக்கிட்டு எழுந்துட்டார். "தும்மலோட தாலி ஏறக்கூடாது. எழுந்திருடா, வூட்டுக்குப் போலாம்." சுலோசனா முகத்தைப் பார்த்துட்டு நான் ஓடிப்போய் அவர் துண்டைப் பிடிச்சுக்கிட்டேன். அப்போ காசம்மாள் மறுபடி தும்முனாங்க. பக்கிரி சும்மா இருந்தானா? அந்தத் தும்மலுக்குத் தவுல்ல பதில் சொன்னான்! அடுத்த தும்மலை ராசு பிடிச்சு இழுத்தான், பாய் கிளாரினெட்ல திருப்பிக் குடுத்தார். அந்தம்மா தும்ம இவங்க வாசிக்க, இவங்க வாசிக்க அந்தம்மா தும்ம, எது தும்மல் எது மேளம்னு பந்தல்ல ஒருத்தருக்கும் தெரியல. ஐயர் மாப்பிள்ளை தோளைத் தட்டி "கட்டுப்பா, கட்டு" என்றார். மூணு முடிச்சும் விழுந்துபோச்சு.

ஆனா சம்பந்தி வீட்டார் சாப்பிடாமலே கார் ஏறிட்டாங்க. சபை நடுவே தன் தும்மலுக்கு மேளம் கொட்டினா எந்தப் பொம்பளைக்குப் பொறுக்கும்? மறுவீட்டுக்கும் யாரும் வரல. மாமியார் கோவத்துல பொண்ணு அங்க இன்னா பாடு படுதோன்னு எனக்குச் சோறு இறங்கல. ஆகவே, இக்கடிதம் கண்டவுடன் ராசுவுக்கு நீ எழுது. இனிமேல் யாரும் யாருக்கும் இடம் விடக்கூடாது, பழையபடி சண்டை போட வேண்டும். குடோனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

உன் பெண்சாதிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்களாவது எந்த வாத்தியத்தையும் தொடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தெய்வசிகாமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் காசம்மாள் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு ஜோடி ஜால்ரா, பின்னால் சிரித்துக்கொண்டே சுலோசனா. "அன்னிக்கு எங்க வூட்டுக்காரருதான் என்னை இழுத்துக்கினு போனாரு. அந்த வூட்டுல கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் எது சொன்னாலும் ஒருத்தரும் பதில் சொன்னதில்ல. தும்மினதுக்கே மூணு வித்வான் பதில் சொன்னாங்க. குடோன் எங்க இருக்கு?" பூட்டைத் திறந்துவிட்டேன். ராசுவுக்கு ஒன்றும் எழுதித் தொலைக்காதே. இந்த உறையை ஒட்டாமலே இரண்டு சனிக்கிழமை போய்விட்டது, இப்போது நானும் அவர்களோடு எண்ணெய் டின் தட்டுகிறேன். நான் தட்டினால் எல்லோரும் நிறுத்திவிட்டு எனக்கு இடம் விடுகிறார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று மட்டும் உடனே எழுது.