கொடிக்காரர் செத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலுக்குக் கொடிக்காரரைவிட நல்ல மருந்து கிடையாது. டாக்டர் மாத்திரைக்கு மசியாமல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கூட, வாசலில் அவர் தலை தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, சும்மா அசதிதான்" என்பார். சிலர் அந்த வேகத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குக் கிளம்பியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் எங்கள் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், பஸ் பாதைச் சந்தியில் தொடங்கிச் செத்த வீட்டு வாசல் வரை வெள்ளைக்கொடி கட்டுவார்கள். லுணுகலைக்குப் போகும் பாதையிலிருந்து எங்கள் வீட்டு வரிசையான லயம் வரைக்கும் அதைக் கட்டுவது அவர்தான், வேறு யாரையும் தொடவிட மாட்டார். அப்படி வந்த பெயர்தான் கொடிக்காரர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், செத்த பிறகு பேனரில் பார்த்துக்கொள்ளச் சொல்வார்.

மனிதர் தங்கமானவர், சந்தேகமே இல்லை. ஆனால் நோயாளியைப் பார்க்க வந்தால் கட்டிலோரம் உட்கார்ந்து அன்பாக விசாரித்துக்கொண்டே, கண்ணை மட்டும் வீடு முழுக்க மேய விடுவார். பெட்டி திரும்புகிற அளவுக்கு நிலைவாசல் அகலமா, கூடாரத்துக் கயிற்றை எந்தக் கம்பத்தில் கட்டலாம் என்றெல்லாம் அந்தக் கண் கணக்குப் போடும். என் அப்பாவுக்கு ஒருமுறை பல்வலி. கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், டவுனுக்குப் போய் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும்படி கொடிக்காரர் சொன்னார். வெறும் பல்வலிதான் என்று அப்பா மன்றாடினார். "இருக்கட்டும்ணே, எடுத்து வச்சா கெட்டா போகும்?" என்றார் கொடிக்காரர். அப்பா அன்றைக்கே பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

சாவு வீட்டில் அவர் ராஜா. விறகுக்கு இரண்டு பேர், தேங்காய்க்கு ஒருவர், இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்ற நாலு பெண்கள் என்று வேலையைப் பிரித்துவிடுவார். ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது கையைத் தூக்கி, "கொஞ்சம் நிறுத்துங்கம்மா, வெத்தல வாங்கப் போறது யாரு?" என்று கேட்பார். அழுகிற பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிறுத்துவார்கள். ஆளைத் தீர்மானித்ததும், "இப்ப அழுங்க" என்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதிர்ந்து போவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

சிரிப்பாக இருந்தாலும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் இளைஞர் கழகம் இருந்தது, மாதர் சங்கம் இருந்தது, வாசிகசாலைக் குழு என்று ஒன்றும் இருந்தது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் போக, ஒவ்வொன்றாக எல்லாம் கண்ணை மூடிவிட்டன. உயிரோடு மிஞ்சியது மரண உதவிச் சங்கம் ஒன்றுதான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

கொடிக்காரர் அதைக் கட்டிக் காத்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவர் கல்யாணம் கட்டாதவர். உடன்பிறந்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்திலேயே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் மேல்லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். ஏன் இப்படி ஓடி ஓடிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னையத் தூக்க ஆளு வேணும்ல தம்பி" என்றார். "புள்ள குட்டியா இருக்கு? அதுக்குத்தான் எல்லாரையும் நான் தூக்குறேன்."

அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். கூடாரம், கொடி, தப்பு மேளம், கூட்டம், எல்லாம் குறைவில்லாமல் ஒரு நல்ல சாவு.

மேல்லயத்துக்குப் போகும் பாதையை ஓர் ஓடை வெட்டிக்கொண்டு போகும். அதன்மேல் இருந்த சின்னப் பாலத்தைப் போன மாரி மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் அது பிரதேச சபையின் பாதை. சபையைக் கேட்டால் அது தோட்டத்துப் பாதை. ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் யாரோ இறக்கிவிட்டுப் போன பெரிய சிமெந்துக் குழாய்கள் ஓரத்தில் புல் முளைத்துக் கிடந்தன. உருட்டிப் போட்டு, கல்லும் மண்ணும் நிரப்பினால் ஆட்டோ போகும். அதற்கு வேண்டியது ஆள்பலம்தான், அதைத்தான் காணவில்லை.

அந்த மழையிலேதான் எங்கள் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு வலி கண்டது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை. பெயர் வைக்காத பிள்ளைக்குச் சங்கத்தில் கொடி கிடையாது. கொடிக்காரர் அன்று சட்டத்தைப் பார்க்கவில்லை, அந்த வாசலில் ஒரே ஒரு சின்னக் கொடி கட்டினார். அத்தனை சாவிலும் கலங்காத மனிதர் அன்றைக்குக் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து நாங்கள் ஆடிப்போனோம்.

அடுத்தது என் தங்கச்சி சாந்தியின் முறை. தலைப்பிரசவத்துக்கு எங்கள் காம்பராவுக்கு வந்திருந்தாள். மாதம் ஏற ஏற அம்மா வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கும் தூக்கம் இல்லை. நான் பதுளையில் ஆசிரியன், சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவேன்.

ஊர் கூடிக் குழாயைப் போட ஞாயிறன்று கொடிக்காரர் சிரமதானம் அறிவித்தார். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். கொழும்புப் பையன்கள் கும்பிடுகிற கையையும் சேர்த்து அனுப்பினார்கள். ஞாயிறு காலை ஓடையடியில் வந்து நின்றது அவரும் நானும் ஒரு நாயும். குழாயை இரண்டு பேரும் தள்ளினோம். குழாய் அசையவில்லை, என் இடுப்புத்தான் அசைந்தது. கொடிக்காரர் குழாய்மேல் உட்கார்ந்து, இதுவே சாவுக்குக் குழிவெட்டு என்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். வீட்டுக்கு ஒருவர் மம்பட்டியோடு கட்டாயம் வருவார்கள், சங்கத்துச் சட்டமாயிற்றே என்றேன். அவர் "ம்" என்றார். அந்த 'ம்' எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நான் பதுளையில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு எடுக்கத் தங்கியிருந்தபோது குழுவில் ஒரு செய்தி வந்தது.

"நமது கொடிக்காரர் காலமானார். ஞாயிறு காலை வந்து சேருவார். குழிவெட்டுக்கு வீட்டுக்கு ஒருவர் மம்பட்டியுடன் வரவும். வெட்டும் இடம் வந்தபின் காட்டப்படும். இப்படிக்கு, செயலாளர்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் செயலாளர் யார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். தோட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிற நானும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனவர் திரும்பவே இல்லையாம், அவர் போனுக்கு அடித்தால் அது அணைந்திருந்தது. செத்தவர் போன் வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் மாலையோடு வந்து இறங்கினேன். சந்தியிலிருந்தே வெள்ளைக்கொடி. ஊருக்கெல்லாம் கொடி கட்டியவருக்கு இன்று யார் கட்டினார்களோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முடிச்சுக்கூட அவர் போடுகிற முடிச்சாகவே இருந்தது. நல்லவேளை, வித்தையை யாருக்கோ சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஓடையடியில் தோட்டமே திரண்டு நின்றது. வண்டி அதற்குமேல் போகாது, உடலை அங்கிருந்துதான் தூக்க வேண்டும். கொழும்புப் பையன்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்கொரு மம்பட்டி தோளில் இருந்தது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் அம்மா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து கொடிக்காரர் இறங்கினார், தன் காலாலேயே. வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, கக்கத்தில், பாதையெல்லாம் கட்டியது போக மிஞ்சிய கொடிகள்.

தப்பு நின்றது. ஒரு பெண் அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். சிலர் தேயிலைக்குள் இறங்கி ஓடினார்கள். பேயறைந்த மாதிரி நின்ற எங்கள் சங்கத் தலைவர், வயதான கங்காணி, கடைசியில் வாயைத் திறந்தார்.

"நீ செத்துட்டேல்ல?"

"ஆமாங்க" என்றார் கொடிக்காரர் அமைதியாக. "சொன்ன மாதிரி வந்துட்டேன்ல. எடம் இதுதான். வெட்டுங்க."

விஷயம் புரிந்ததும் அதிர்ச்சி ஆத்திரமாக மாறியது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த பையன் ஒருவன் மம்பட்டியை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டான். நிஜமாகவே ஒரு குழி வெட்ட வேண்டியிருக்குமோ என்று நான் பயந்தேன். பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"குழிவெட்டுக்குன்னு எடுத்த மம்பட்டி, மண்ணுல படாம வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னா அந்த வீட்டுலயே குழி கேக்கும். தைரியம் உள்ளவன் போ."

போனவர்கள் நின்றார்கள். இது எங்கள் ஆட்கள் ஒருவராலும் மீற முடியாத நம்பிக்கை. கொடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை நம்பித்தான் மனிதர் இறங்கியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஓங்கிய மம்பட்டியை அந்தப் பையன்தான் முதலில் மண்ணில் போட்டான். பிறகு என்ன, வெட்டினார்கள். வாய் நிறைய அவரைத் திட்டிக்கொண்டே குழாயை உருட்டினார்கள், கல் அடுக்கினார்கள், மண் நிரப்பினார்கள். தப்புக்காரர் சாவுக்கு வந்த ஆள், ஆகவே சாவு அடியே அடித்தார். அந்த அடிக்கு மண் சுமந்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. சாவுச் சோற்றைப் பெண்கள் ஓடையடிக்கே கொண்டுவந்து பரிமாறினார்கள். பொழுது சாயும் முன்னால் அந்த ஆட்டோ தண்ணீரைத் தாண்டி மேல்லயத்து வாசலில் போய் நின்றது.

அங்கே, அவருக்காகப் போட்ட கூடாரத்தின் கீழேயே, தலைவர் சங்கத்தைக் கூட்டினார். நல்ல காரியம்தான், ஆனாலும் ஊரை ஏமாற்றியதற்கு ஒரு தண்டனை வேண்டாமா என்று பேச்சு எழுந்தது. கொடிக்காரர் தானாகவே எழுந்தார்.

"நம்ம சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு சாவுதான். எனக்குக் கூடாரம் போட்டாச்சு, கொடி கட்டியாச்சு, ஊரு கூடியாச்சு, சோறும் போட்டாச்சு. என் கணக்கு முடிஞ்சிருச்சுங்க. இனிமே எனக்குச் சங்கத்துல ஒண்ணும் கெடையாது."

காலையில் அவர் உயிரோடு இறங்கியதைவிட இது பெரிய அதிர்ச்சி. சட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ உட்கார் என்று தலைவர் அதட்டிப் பார்த்தார். அடிக்க வந்த பையனே வேண்டாம் மாமா என்று கெஞ்சினான். கொடிக்காரர் அசையவில்லை.

"எனக்காகச் சட்டத்த ஒடச்சா நாளைக்கு இன்னொருத்தன் ரெண்டு தடவ சாவான்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

அந்த மாதமே சாந்திக்கு வலி கண்டது. கொட்டுகிற மழை. ஆட்டோ எங்கள் வாசல் வரை வந்தது, அவளை ஏற்றிக்கொண்டு நிற்காமல் பதுளைக்குப் போனது. ஆண் பிள்ளை. அழுத அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மேல்லயமே பார்க்க வந்தது, கொடிக்காரரைத் தவிர. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டு வாசலைக் கொடி கட்டுகிறவர் மிதிக்கக் கூடாது. அவரை யாரும் நல்லதுக்குக் கூப்பிட்டதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. அம்மா நேராகக் கடைசிக் காம்பராவுக்குப் போய், அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் போட்டாள். எத்தனையோ பெட்டிகளைத் தூக்கிய அந்தக் கைகளுக்கு ஒரு பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. பெட்டியைத் தாங்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பிடித்திருந்தார்.

"சங்கம் இல்லாட்டி என்னண்ணே" என்றாள் அம்மா. "நெய்ப்பந்தம் புடிக்கப் பேரன் வந்துட்டான்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா சாவுக்குப் பேரன் நெய்ப்பந்தம் பிடிப்பது வழக்கம்தான். அதற்காக, பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுவிட்டுப் பேசுகிற பேச்சா இது? சாந்தியைப் பார்த்தேன். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். கொடிக்காரர் பிள்ளையின் துணி நனைகிற அளவுக்கு அழுதார்.

பிள்ளைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. பந்தம் பிடிக்கிற வயசுக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது. ஒன்றும் அவசரமில்லை, கொடிக்காரண்ணே. மெதுவாகப் போகலாம்.