மஹாதேவனின் கட்டைவிரல்

2009-ல் மஹாதேவனின் வலது கட்டைவிரலுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஏழைகளுக்கு அரசாங்கச் செலவில் மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுக்கும் முகாம் கொல்கத்தா பவானிபூரில் இரண்டு வாரம். முகாம் அதிகாரியின் ரேகை விழுந்தால்தான் மெஷின் அட்டையைத் துப்பும். அந்த அதிகாரி அவர்தான்.

"சர்க்கார் கஜானாவே இந்த விரல்ல இருக்குடி, பட்டு!"

"சாதம் பிசையறதுக்கு முன்னாடி கஜானாவைக் கழுவிண்டு வாங்கோ," என்றாள் மனைவி.

அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நீலாவதிக்குப் பித்தப்பையில் கல். அட்டை கிடைத்தால் ஆபரேஷன், கிடைக்காவிட்டால் வலிதான். மஹாதேவனுக்கும் இரக்கம் உண்டு, ஓர் எல்லை வரைக்கும்.

"ஆபரேஷன்னா ரெண்டு வாரம் வரமாட்டா. பாத்திரம் யார் தேய்ப்பா? நான் தொடமாட்டேன். துர்கா பூஜா கழியட்டும்!" என்று முன்பே தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாளே நீலாவதி வரிசையில் நின்றாள். வலது கட்டைவிரலை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை. சாம்பலும் நாரும் சேர்ந்து ரேகையைத் தேய்த்தே தீர்த்திருந்தன.

"ரேகை இல்லை. அடுத்த ஆள்!" என்றார் விதி தவறாத மஹாதேவன்.

அன்று மாலை பட்டு பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, ரெண்டு வாரம் பாத்திரம் தேய்க்காம இருந்தா ரேகை திரும்பி வருமாமே?"

"வரலாம்."

"அப்போ நீலாவதி வீட்டோட இருக்கட்டும்."

"பாத்திரம்?"

"நேக்கு சோப்பு ஒத்துக்காது. தெரியுமோன்னோ?"

"நானா? நெவர்!"

"வேண்டாம். நூத்துக்கு நூறு பேருக்கும் கார்டு குடுத்தேன்னு ரிப்போர்ட் எழுதப்போறேள். நம்மாத்து வேலைக்காரிக்கே இல்லைன்னா ஆபீஸ்ல சிரிப்பா. நேக்கென்ன?"

மஹாதேவன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

இரண்டே பேர் சாப்பிடும் வீட்டில் இத்தனை பாத்திரம் எங்கிருந்து முளைக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அடிப்பிடித்த பால் குக்கர் ஒன்று மட்டும் மூன்று நாள் அவரோடு மல்லுக்கு நின்றது. எல்லாம் ரிப்போர்ட்டுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

முகாமின் கடைசி நாள். அதிகாரி விரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஊஹூம். வரிசை முணுமுணுத்தது.

"இடது கட்டைவிரலை வையுங்க, தாதா," என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மெஷின்காரர். "யாருக்கும் அது செல்லும். ரூல் புக்லயே இருக்கே!"

வைத்தார். அட்டை வந்தது.

மதிய இடைவேளையில் மஹாதேவன் வீட்டுக்கு ஓடினார்.

"பட்டு! நீலாவதியை உடனே வரச்சொல்லு! இடது விரலே போதுமாம்!"

"தெரியும். ரூல் புக்கை நீங்க தலைக்கு வெச்சுண்டு தூங்கினேள், நான் படிச்சேன். மறுநாளே பக்கத்துக் காளிகாட் முகாம்ல இடது விரலை வெச்சுக் கார்டு வாங்கியாச்சு. மூணாம் நாள் ஆபரேஷனும் ஆயாச்சு."

"அப்போ... இந்த ரெண்டு வாரம்?"

"நேத்திக்குத்தான் தையல் பிரிச்சா. இன்னும் ஒரு மாசம் அவ ரெஸ்ட்ல இருக்கணுமாம்." பட்டு தேய்க்கும் நாரை நீட்டினாள். "முகாம்தான் இன்னியோட முடியறதே. இனிமே உங்க விரல்ல ரேகை இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"